விசையுந்தும் வினைச்சொல்லும்

ஒரு பொருளின் திறத்தை ஆய்ந்து, அதன் நிறை இது, குறை இது எனக் காரணம் காட்டி உரைப்பது திறனாய்வு எனப்படும். இச்சொல் இன்று பெரும்பாலும் நூல்களைப் பற்றியே வழங்கி வருகிறது. ஆயின், மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்குமுன் ஓட்டிப் பார்ப்பவரும், பழுது நீக்கியபின் அதனை ஓட்டிப் பார்ப்பவரும் செய்வது திறனாய்வே. அவர்கள் மூன்று செயல்களைச் செய்கின்றனர். முதலாவது, வண்டியின் போக்கை உணர்கின்றனர். இரண்டாவது, உணர்ந்ததற்குக் காரணம் தேடுகின்றனர். மூன்றாவது, அதனை மற்றொருவர்க்கு எடுத்துச் சொல்லுகின்றனர். முன்னிரண்டும் ஓட்டுவோரின் கலை. மூன்றாவது மொழியின் கலை. கண்டறிந்த குறையைச் சொல்லத் தெரியாதவரின் அறிவு அவரோடு நின்றுவிடுகிறது.

இம்மூன்றாவது செயல் தமிழில் எவ்வாறு நடைபெறுகிறது, எழுத்துத் தமிழ் அதற்கு எவ்வளவு துணை நிற்கிறது என்பன தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க வினாக்களாகும். பினாங்கு போன்ற ஊரில், வீட்டு முற்றந்தோறும் ஒரு மோட்டார் சைக்கிளேனும் நிற்கக் காணும் நிலையில், இவ்வினாக்களுக்குத் தனிச் சிறப்பும் உண்டு.

பினாங்கும் கப்சாயும்

மலேசியாவின் மோட்டார் சைக்கிள் வரலாற்றில் பினாங்குக்கு முதன்மையான இடம் உண்டு. சீனாவிலிருந்து சிறுவனாக இத்தீவுக்கு வந்து, பேருந்துகளைக் கழுவியும் பொறிகளைப் பழுதுபார்த்தும் வாழ்க்கையைத் தொடங்கியவர் லோ பூன் சியூ. அவர் 1958ஆம் ஆண்டில் ஹோண்டா மோட்டார் சைக்கிள்களை மலாயாவில் விற்கும் உரிமையைப் பெற்றார். அதே ஆண்டில்தான் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. உணவுக் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டே மறு கையால் ஓட்டவேண்டும் என்பது அவ்வண்டியை அமைத்தோர் கொண்ட நோக்கம். அதனால் கிளட்சைக் கையால் அழுத்தும் வேலையை நீக்கி, அதனைத் தானே இயங்குமாறு செய்தனர். செயினை உறையிட்டு மூடினர்; எளிதில் ஏறி இறங்கும் வண்ணம் நடுப்பகுதியைத் தாழ்த்தினர். அவ்வண்டி 2017ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் 10 கோடி என்னும் எண்ணிக்கையை எட்டியது.

மலேசிய மக்கள் அதற்கு இட்ட பெயர் கப்சாய். 'கப்' என்னும் ஆங்கிலச் சொல்லோடு, சிறியது என்னும் பொருள்படும் கன்டோனீய ஈறு சேர்ந்து இப்பெயர் பிறந்தது என்பர். பின்னர் வந்த பிற நிறுவனத்தாரின் சிறு வண்டிகளுக்கும் அப்பெயரே நிலைத்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகிய மூவரும் அதனைத் தம் சொல்லாகவே வழங்குகின்றனர். மக்கள் கூடிக் கையாளும் பொருளுக்குப் பெயர் தானே அமைந்துவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்குத் தீவைச் சுற்றும் சாலையைக் காட்டிலும் சிறந்த தேர்வுக்களம் வேண்டுவதில்லை. ஜோர்ஜ் டவுனிலிருந்து புறப்பட்டுத் தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பாஹாங் வரையில் கடலோரம். அங்கிருந்து தித்தி கெராவாங் மலைப்பாதை. அதனைக் கடந்து பாலிக் பூலாவுக்கு இறக்கம். மீண்டும் துன் சார்டோன் சாலையின் ஏற்றமும் வளைவும். பின்னர்ப் பாயா தெருபோங் வழியே நகரம். நகரத்து நெரிசலில் கிளட்சும், ஏற்றத்தில் பொறியின் இழுவையும், இறக்கத்தில் பிரேக்கும், வளைவில் சக்கரங்களும் தத்தம் உண்மையை வெளியிட்டுவிடும். கடற்காற்றின் உப்பும் அடிக்கடி பெய்யும் மழையும் செயினுக்கும் மின்கம்பி இணைப்புகளுக்கும் ஆண்டு முழுதும் தேர்வு வைக்கின்றன. எனவே இவ்வூரில் வண்டி வைத்திருப்போர் பலரும் ஓரளவு பழுதுபார்ப்போராகவும் இருக்க நேர்கிறது.

பெயர் இரவல், வினை சொந்தம்

சாலையைச் சுற்றி வந்தவர் பட்டறையில் நின்று என்ன சொல்லுகிறார்? தமிழர் கூடும் பட்டறைகளில் கேட்கத்தக்க பேச்சு ஏறக்குறைய இவ்வாறு அமையும்.

"அண்ணே, மேட்டுல வண்டி இழுக்க மாட்டேங்குது. நடுவுல நடுவுல விக்குது."

"சமதரையில எப்படிப்பா? புகை கறுப்பா வருதா? பிளக்கைக் கழட்டிப் பார்த்தியா?"

"பார்த்தேண்ணே. கரி பிடிச்சுப் போயிருந்துச்சு."

"அப்போ மூச்சு முட்டுது. முதல்ல ஃபில்டரைப் பாரு."

இப்பேச்சைக் கேட்கும் தமிழாசிரியர், பிளக்கும் ஃபில்டரும் பிறமொழிச் சொற்களாயிற்றே என வருந்தக்கூடும். அவ்வருத்தம் இயல்பானதே. ஆயினும் அவர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். இங்குப் பெயர்ச்சொற்களே இரவல். வினைச்சொற்கள் அனைத்தும் தூய தமிழ். இழுத்தல், விக்குதல், கரி பிடித்தல், மூச்சு முட்டுதல் என்பவற்றை எந்தக் கலைச்சொற் குழுவும் ஆக்கித் தரவில்லை. பொறி இயங்குவதை மனித உடம்பின் இயக்கமாகக் கண்டு, தமிழ் மக்கள் தாமே பொருத்திக்கொண்ட சொற்கள் இவை.

அவை வெறும் அணிநயம் என்று எண்ணுவதும் தவறு. பொறி உண்மையாகவே மூச்சு விடுகிறது. காற்றை உள்ளிழுத்து, எரிபொருளோடு கலந்து எரித்து, புகையை வெளிவிடுவதே அதன் தொழில். காற்று வடிகட்டியில் தூசு அடைத்துக்கொண்டால் காற்றுக் குறைந்து எரிபொருள் மிகும். எரிந்தது போக எஞ்சியது கரியாகப் படியும். ஆகவே 'மூச்சு முட்டுகிறது' என்பது நோயையும் அதன் காரணத்தையும் ஒருங்கே சொல்லுகிறது. 'விக்குகிறது' என்பது தொடர்ந்து எரிய வேண்டிய பொறி இடையிடையே எரியாமல் விடுவதைக் குறிக்கும். 'திணறுகிறது' என்பது ஏற்றத்திற்கு ஏற்றபடி கியரைக் குறைக்காமல் பொறிக்குத் தாங்கவொண்ணாச் சுமை தந்ததைக் குறிக்கும். 'வழுக்குகிறது' என்றால் கிளட்சுத் தகடுகள் தேய்ந்து, பொறி விரைந்து சுழன்றும் வண்டி அவ்வளவு விரையவில்லை என்பது பொருள். ஒவ்வொரு வினையும் ஒரு தனிப் பழுதுக்கு உரியதாக நிற்கிறது.

ஒலிகளுக்கும் இவ்வாறே. இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது என்பதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் உணர்த்துகிறது. வகுப்பில் அதற்கு ஓடையின் சலசலப்பும் இலையின் சலசலப்புமே எடுத்துக்காட்டாகின்றன. பட்டறையில் அதே இரட்டைக்கிளவி அளவுகோலாகப் பயன்படுகிறது. தளர்ந்த செயின் சலசலக்கிறது. வால்வின் இடைவெளி மிகுந்தால் பொறியின் தலைப்பகுதி கடகடக்கிறது. தேய்ந்த பேரிங் கரகரக்கிறது. கிளட்சு முழுதும் விடுபடாமல் கியரை மாற்றினால் பற்கள் நறநறக்கின்றன. சலசலவுக்கும் கரகரவுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர், எந்த உறையைக் கழற்றுவது என்பதையும் அறிவார். உரிச்சொல்லை விளக்கும் தொல்காப்பியர் இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றையும் ஒருசேர எண்ணினார். காதால் கேட்பது, உள்ளத்தால் உய்த்துணர்வது, பொருளின் தன்மையை மதிப்பது என்னும் மூன்றும் வண்டியை ஓட்டிப் பார்ப்பவர்க்கும் வேண்டுவனவே.

பண்ணு என்னும் அரம்

இச்செல்வத்துக்கு நேர்ந்துவரும் கேடு பெயர்ச்சொற்களால் வந்ததன்று. 'பண்ணு', 'ஆகு' என்னும் இரு துணைவினைகளால் வந்தது. 'டைட் பண்ணு', 'லூஸ் பண்ணு', 'செக் பண்ணு', 'கிளீன் பண்ணு', 'ஸ்லிப் ஆகுது', 'ஹீட் ஆகுது' என்று பேச்சு மாறும்போது தமிழ் வினைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகின்றன. மரை தேய்ந்த திருகாணி எவ்வளவு சுற்றினாலும் பிடிப்பதில்லை. வினை தேய்ந்த வாக்கியமும் அவ்வாறே பொருளைப் பற்றுவதில்லை.

'கிளீன் பண்ணு' என்னும் ஒரு தொடரை எடுத்துக்கொள்ளலாம். தமிழில் துடை, கழுவு, அலசு, ஊது, தட்டு, சுரண்டு, தேய் எனப் பல வினைகள் உள்ளன. இவை ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கும் சொற்கள் அல்ல. தாளால் ஆன காற்று வடிகட்டியை மெல்லத் தட்டலாம். உள்ளிருந்து வெளிப்புறமாக ஊதலாம். கழுவினால் அது பயனற்றுப் போகும். பஞ்சு போன்ற நுரைப்பொருளால் ஆனதையோ கழுவி உலர்த்தி எண்ணெய் தடவலாம். ரப்பர் வளையங்கள் பொருந்திய செயினை மண்ணெண்ணெயால் நனைத்துத் துடைக்கலாம். கம்பித் தூரிகையால் தேய்த்தால் வளையங்கள் அறுந்து உள்ளிருக்கும் மசகு வெளியேறிவிடும். பழைய வகைப் பிளக்கின் கரியைத் தேய்த்து எடுக்கலாம். மெல்லிய முனை கொண்ட இக்காலத்து இரிடியம் பிளக்கை அவ்வாறு தேய்ப்பது தகாது. எனவே 'கிளீன் பண்ணு தம்பி' என்னும் கட்டளை இளைஞன் கையில் ஒரு வடிகட்டியைக் கெடுக்கவும் கூடும். 'தட்டி ஊது, கழுவாதே' என்னும் கட்டளையோ கெடுக்காது. இங்கு மொழித் தூய்மையைவிடத் தொழில் நுட்பமே பெரிதாகக் கவனிக்கத்தக்கது. சரியான வினையைச் சொல்லுவது சரியான செயலைச் சொல்லுவதாகிறது.

இறுக்குதலிலும் இதே நிலையைக் காணலாம். திருகாணியைக் கையால் மரை ஏற்றுவது ஒன்று. அது படிந்து நிற்கும்வரை திருகுவது ஒன்று. ஸ்பானர் கொண்டு முடுக்குவது ஒன்று. அலுமினியத் தலையில் பிளக்கைப் பொருத்துபவர் முதற்செயலை விட்டுவிட்டு மூன்றாவதற்குத் தாவினால் மரை கோணி அறுந்துவிடும். 'டைட் பண்ணு' என்பதில் இம்மூன்றும் மறைந்துபோகின்றன. 'முடுக்கு' என்னும் அருஞ்சொல் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இன்றும் உயிரோடு உள்ளது. பள்ளி நூலிலோ முடுக்கம் என்பது விரைவு மிகுதலைக் குறிக்கும் அறிவியற் சொல்லாக மட்டும் அறியப்படுகிறது.

சேம அச்சு

இயந்திரப் பொருளைக் கூர்ந்து நோக்கிச் சொல்லும் மரபு தமிழுக்குப் புதிதோ என்றால், அன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டியை வருணிக்குமிடத்தில், சக்கரத்தையும் பாரையும் மேற்கூரையையும் உறுப்புறுப்பாகக் காட்டுகிறார். வண்டி செல்வதை மட்டும் கண்டவர் அவ்வாறு பாட இயலாது. வண்டி எவ்வாறு ஆக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்தவரே பாட இயலும்.

புறநானூற்றின் 102ஆம் பாட்டு இன்னும் ஒரு படி மேலே செல்லுகிறது. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டு அது. உப்பு வணிகரின் எருதுகள் இளையவை. ஏற்றிய சுமையோ பெரிது. வழியில் பள்ளமும் மேடும் எங்கு வருமென அறிய இயலாது. ஆதலால் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிவைத்துச் செல்கின்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். பொகுட்டெழினி அத்தகையவன் என்பது புலவர் கருத்து. அரசனுக்கு உவமையாகச் சிங்கமும் ஞாயிறும் எளிதில் கிடைத்திருக்கும். புலவரோ பழுதுபார்க்கும் கருவியையே தேர்ந்தெடுத்தார். உழைப்போரின் முன்னெச்சரிக்கையை மதித்த உள்ளமே அவ்வுவமையைக் கண்டிருக்கக்கூடும்.

பழுதைக் காணும் முறைக்கும் தமிழில் இலக்கணம் உண்டு. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், நோய் இன்னது என்று தெளிதல், அதன் காரணத்தைத் தேடுதல், நீக்கும் வழியை ஓர்தல், பின்னரே செயற்படுதல் என்னும் ஒழுங்கைக் கற்பிக்கிறது. பட்டறை வாயிலில் எழுதி வைக்கத்தக்க ஒழுங்கு அது. வண்டி கிளம்பவில்லை என்றதும் கார்புரேட்டரைக் கழற்றத் தொடங்குபவர் பலர். எரிபொருள் வருகிறதா, பிளக்கில் மின்பொறி எழுகிறதா, காற்று செல்லுகிறதா என வரிசையாகப் பார்ப்பவர் சிலரே. அச்சிலரைத்தான் ஊரார் கைராசிக்காரர் என்கின்றனர்.

சொல்லகராதி நடை

இத்தகைய மரபை உடைய மொழியில், இக்காலத் தொழில்நுட்ப உரைநடை ஏன் தளர்ந்து காணப்படுகிறது? கலைச்சொல் இல்லாமையே காரணம் என்பது பொதுவான விடை. அது முழு உண்மை ஆகாது. 1916ஆம் ஆண்டில் சேலத்தில் தமிழ்ச் சாத்திரப் பரிபாஷைச் சங்கம் தோன்றிய நாள்தொட்டு, அறிஞர் பலர் சொல்லாக்கத்தில் உழைத்துள்ளனர். மோட்டார் சைக்கிளுக்கு விசையுந்து என்பர். இலங்கையில் உந்துருளி என்னும் சொல் வழக்கிலேயே உள்ளது. பேருந்து என்னும் ஆக்கம் மக்கள் நாவிலும் ஏறிவிட்டது. அவ்வுழைப்பைக் குறை கூறுதல் நன்றியின்மையாகும்.

குறை பிறிதோர் இடத்தில் உள்ளது. சொல்லாக்கம் பெரிதும் பெயர்ச்சொல்லோடு நின்றுவிட்டது. அப்பெயர்களைக் கோத்து எழுதும்போது வாக்கியம் உயிரிழக்கிறது. கீழ்வரும் இரு பகுதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். முதலாவது, சொல்லகராதி நடை:

"தீப்பொறிச் செருகியின் அகற்றலானது உரிய கருவியின் துணைகொண்டு மேற்கொள்ளப்படுதல் வேண்டும். அதன் நிறப் பரிசோதனை நிகழ்த்தப்பட்டுத் தேவைக்கேற்பத் தூய்மைப்படுத்தல் அல்லது மாற்றீடு செய்யப்படல் வேண்டும்."

இரண்டாவது, கைவழி நடை:

"பொறி ஆறும்வரை காத்திரு. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதிவிடு. இல்லையேல் அது உள்ளே விழும். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் பொறி நலமாக எரிகிறது. உலர்ந்த கரியாக இருந்தால் காற்றுக் குறைவு அல்லது எரிபொருள் மிகுதி. எண்ணெய்ப் பசையோடு நனைந்திருந்தால் எண்ணெய் மேலேறி எரிகிறது. வளையமோ வால்வோ தேய்ந்திருக்கலாம். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு மிகுதி. திரும்ப மாட்டும்போது கையாலேயே மரை ஏற்று. கை நின்ற பிறகே ஸ்பானரை எடு."

முதற்பகுதியில் தமிழ்ப் பெயர் உண்டு; செய்பவர் இல்லை, காரணம் இல்லை, என்ன நிறம் என்ன பொருள் என்பதும் இல்லை. இரண்டாவதில் பிளக்கும் ஸ்பானரும் இரவற்சொற்கள். ஆனால் கை செல்லும் வழியிலே வாக்கியம் செல்லுகிறது. திசைச்சொல்லையும் செய்யுளுக்குரிய சொல்வகைகளுள் ஒன்றாக ஏற்றவர் தொல்காப்பியர். பிளக்கு என்பதைப் பொறுத்துக்கொள்ளும் வலிமை தமிழுக்கு உண்டு. வினையை இழந்த வாக்கியத்தைப் பொறுத்துக்கொள்ளும் வலிமைதான் எந்த மொழிக்கும் இல்லை. இரண்டாவது பகுதியில் பிளக்கு என்னுமிடத்தில் தீப்பொறிச் செருகி என்று எழுதினாலும் அது நல்ல உரைநடையாகவே நிற்கும். முதற்பகுதியில் எந்தப் பெயரை மாற்றினாலும் அது திருந்தாது.

பிர்சிக்கின் நூல்

பிறமொழியில் இவ்வகை உரைநடைக்குப் பெயர்பெற்ற நூல் ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்சிக் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்பது அது. பிர்சிக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்றவர். பின்னர்த் தொழில்நுட்பக் கையேடுகள் எழுதிப் பிழைத்தவர். 1968ஆம் ஆண்டில் தம் மகன் கிறிஸைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு, மின்னசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை ஹோண்டா வண்டியில் சென்ற பயணமே நூலின் அடிப்படை. வண்டியைத் தாமே பேணும் முறையும், தரம் என்பது யாது என்னும் மெய்யியல் ஆராய்ச்சியும் அதில் பின்னிச் செல்கின்றன.

அந்நூலின் சிறந்த பகுதிகள் கைத்தொழிலை நேராக நோக்குவன. பட்டறை ஒன்றில் விட்ட வண்டி, கவனமற்ற இளைஞர் கையில் மேலும் கெட்டுத் திரும்புகிறது. உளியும் சுத்தியும் பட்டு உறுப்புகள் உடைகின்றன. முடிவில், எண்ணெய் செல்லும் வழியில் 25 சென்ட் விலையுள்ள சிறு முளை ஒன்று அறுந்ததே அத்தனைக்கும் காரணம் எனத் தெரிகிறது. அவ்விளைஞர் அறிவற்றவர் அல்லர். தம் வேலையைத் தாமே வேடிக்கை பார்ப்போர் போல் செய்தனர் என்பது பிர்சிக்கின் தீர்ப்பு. அதைவிடக் கூரிய குற்றச்சாட்டு ஒன்றையும் அவர் சேர்க்கிறார். தாம் எழுதித் திருத்திய கையேடுகளும் அதே வேடிக்கை பார்க்கும் மனப்பான்மையோடு எழுதப்பட்டவை என்கிறார். செய்பவர் இல்லாத வாக்கியம் ஆங்கிலத்துக்கும் நோயாக இருந்தது என்பது இதனால் பெறப்படும்.

திருகாணியை இறுக்குவது பற்றி அவர் எழுதிய சிறு பகுதி தமிழாசிரியர் நோக்கத்தக்கது. விரலளவு இறுக்கம், படிந்த இறுக்கம், முழு இறுக்கம் என மூன்று நிலைகளைப் பகுத்து, ஒவ்வொன்றிலும் உலோகம் எவ்வாறு நெகிழ்ந்து கொடுக்கிறது என்பதை விளக்குகிறார். கை மட்டும் அறிந்திருந்த ஒன்றை உரைநடை அறியும்படி செய்தது அப்பகுதியின் வெற்றி. மேலே கண்ட மரை ஏற்றுதல், படியத் திருகுதல், முடுக்குதல் என்னும் தமிழ் வினைகள் அதே மூன்று நிலைகளையே குறிக்கின்றன. சொற்கள் தமிழிலும் உள்ளன. அவற்றை வரிசைப்படுத்தி விளக்கிய உரைநடையே இன்னும் போதிய அளவில் இல்லை.

நண்பர் ஜானின் விலையுயர்ந்த ஜெர்மானிய வண்டியில் கைப்பிடி தளர்ந்து வழுக்கும் நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. பீர்க் குவளையின் தகட்டை நறுக்கி இடையில் செருகினால் போதும் என்கிறார் பிர்சிக். துருப்பிடிக்காத மென்மையான அலுமினியம் அதற்கு மிகப் பொருத்தமானது. ஜானுக்கோ அது தம் வண்டிக்கு இழுக்காகத் தோன்றுகிறது. ஒருவர் பொருளின் பயனைக் காண்கிறார். மற்றவர் பொருளின் தோற்றத்தைக் காண்கிறார். பிளக்கு என்னும் சொல்லைக் கண்டு வாக்கியத்தையே ஒதுக்குவோரும், தமிழ்ப் பெயர் இருந்தால் போதும் என்று வாக்கியத்தைப் பாராமல் விடுவோரும் ஜானின் பக்கத்தில் நிற்பவரே ஆவர்.

நூலுக்குக் குறைகளும் உண்டு. பின்பகுதியில் கிரேக்க மெய்யியல் ஆராய்ச்சி பெருகப் பெருக, வண்டி எடுத்துக்காட்டாகச் சுருங்கிவிடுகிறது. 'தரம்' என்பதை வரையறுக்க இயலாத உயர்பொருளாக்கும் முயற்சியில், அதனைக் கையால் தொட்டுக் காட்டிய முற்பகுதியின் தெளிவு மங்குகிறது. பெரிய குறை வேறொன்று. பொறியின் சிறு ஒலியையும் கேட்டு உணரும் தந்தை, பின்னால் அமர்ந்துள்ள பதினோரு வயது மகனின் துன்பத்தைக் கேட்கத் தவறுகிறார். மகனுக்கு அடிக்கடி வயிற்றுவலி வருகிறது; அதன் காரணத்தைத் தேடும் பொறுமை, வால்வின் கடகடப்பைத் தேடும் அளவுக்கு இல்லை. பயணம் முழுதும் தந்தையின் முதுகைத் தவிர வேறொன்றையும் கிறிஸ் காணவில்லை. நூலின் கடைசியில்தான் அவன் மிதிப்படியில் எழுந்து நின்று தந்தையின் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்க்கிறான். இக்குறையைப் பிர்சிக் மறைக்காமல் தாமே எழுதிக் காட்டினார் என்பதால், அது நூலின் வலிமையாகவும் ஆகிறது. 1979ஆம் ஆண்டில் கிறிஸ் கொலையுண்டு இறந்தான் என்பதை அறிந்து படிப்போர்க்கு அப்பகுதி தாங்கொணாத் துயர் தரும்.

பள்ளியும் பட்டறையும்

தந்தையின் முதுகை மட்டும் காணும் பிள்ளை பினாங்கிலும் உண்டு. 1816ஆம் ஆண்டில் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்புத் தொடங்கியது முதல் இத்தீவில் தமிழ்க் கல்வி நடைபெற்று வருகிறது. மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு தமிழ்வழிக் கல்வி முடிகிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமமோ 16 வயதில்தான் கிடைக்கிறது. பொறியைப் பற்றிப் பாடமாகக் கற்கும்போது மாணவன் மலாயிலோ ஆங்கிலத்திலோ கற்கிறான். தந்தை முற்றத்தில் அமர்ந்து செயினை இறுக்கும்போது பேசும் தமிழ் ஒன்று. பள்ளியில் எழுதும் தமிழ் மற்றொன்று. இரண்டும் சந்திக்கும் இடம் இல்லாவிடின், தமிழ் விழாவுக்கும் கட்டுரைப் போட்டிக்கும் உரிய மொழி, வேலைக்கு உரிய மொழி வேறு என்னும் எண்ணம் பிள்ளையின் உள்ளத்தில் ஊன்றிவிடும். அவ்வெண்ணம் ஊன்றியபின் எத்தனை கலைச்சொற்களை ஆக்கினாலும் அவற்றைப் பயன்படுத்துவோர் இரார்.

பட்டறைத் தமிழ் கொச்சை. அதனை வகுப்பில் நுழைப்பது மொழியைத் தாழ்த்தும் என்று சிலர் கூறக்கூடும். கொச்சை உச்சரிப்பை எழுத்தில் ஏற்கவேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. 'கழட்டு' என்பதைக் கழற்று என்றும், 'பிடிச்சிருக்கு' என்பதைப் பிடித்திருக்கிறது என்றும் திருத்தி எழுதுவதில் தடை ஏதுமில்லை. திருத்தியபின் எஞ்சுவது செம்மையான தமிழ் வினை. அதனை இழப்பதுதான் தாழ்வு.

ஆசிரியர் செய்யத்தக்கது எளியது. 'நான் ஒரு மோட்டார் சைக்கிள் பேசுகிறேன்' என்னும் பழைய தற்கதைக் கட்டுரைக்குப் பதிலாக, வீட்டில் ஒருவர் செயினின் தளர்வைச் சரிசெய்வதை அருகிருந்து பார்த்து, செய்த வரிசையிலேயே பத்து வாக்கியங்களில் எழுதுமாறு மாணவனைப் பணிக்கலாம். 'பண்ணு' என்னும் துணைவினை ஓரிடத்தும் வரலாகாது என்பது ஒரே விதி. அவ்விதியைக் காக்க முயலும் மாணவன், தளர்த்தினார், நகர்த்தினார், அளந்தார், ஒப்பிட்டார், முடுக்கினார், சுழற்றிப் பார்த்தார் எனத் தானே தேடி எழுதுவான். தேடியும் கிடைக்காத வினையைத் தந்தையிடம் கேட்பான். ஓராண்டுப் பயிற்சியில் அவ்வகுப்பு ஒரு சிறு வினைச்சொல் அகராதியையே தொகுத்துவிடலாம். இதே பயிற்சியைச் சமையலுக்கும் தையலுக்கும் விரித்துக்கொள்ளலாம்.

இதற்குக் காலமும் நெருக்குகிறது. கார்புரேட்டர் இருந்த இடத்தில் எரிபொருளை அளந்து செலுத்தும் மின்கருவி வந்துவிட்டது. மின்கலத்தால் ஓடும் வண்டியில் புகையும் இல்லை, பிளக்கும் இல்லை. கடகடப்பும் பெரிதும் குறைந்துவிடும். வீட்டில் கழற்றிப் பார்க்கத்தக்க உறுப்புகள் ஆண்டுக்காண்டு சுருங்கி வருகின்றன. கைகள் வேலையை மறந்தபின், அவ்வேலைக்குரிய வினைகளைத் தொகுக்க முனைவது பயன் தராது. பிரேக்கும் செயினும் சக்கரமும் இன்னும் முற்றத்தில் உள்ளன; அவற்றை இறுக்கவும் துடைக்கவும் தெரிந்த தந்தையரும் உள்ளனர். அவர்கள் அருகே பிள்ளையை அமரச் செய்து, காண்பதை எழுதப் பழக்குவது இன்று தமிழாசிரியரின் கையில் உள்ள பணியாகும்.